தொட்டிக்குள் ஒரு கடல் வேண்டுமா?



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்துவிட்டு அப்படியே மேஜையில் எடுத்து வைத்துவிட்டேன். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்கு லீவில் வருகிறவர், புதிதாகக் கட்டிய வீட்டு ஹாலில் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்படுகிறாராம். கண்ணாடித் தொட்டி, மோட்டார், லைட் எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அக்காவிடம் கேட்டிருப்பது ஒன்றுதான். மண்டபம் பக்கம் தெரிந்த ஆள் மூலமாகப் பத்துப் பதினைந்து கிலோ 'லைவ் ராக்' சொல்லி வைக்க வேண்டும்.

"நாம் கடலோரத்தில்தானே இருக்கிறோம். மீமிசலுக்குப் போய்த்தான் மீன் வாங்குகிறோம். கடலில் கிடக்கிற கல்லில் நாலு கல் எடுத்தால் என்னங்க தப்பு? அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கல்லில்?" என்று கேட்கிறார்.

இரண்டு கேள்விகள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கல்லின் அருமை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு நான் சொல்லப் போகிற பதில் கசக்காது.

ஆவுடையார்கோவில் கொடுங்கையின் கல்வேலையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் கல்லைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் இது நம் கருங்கல் இல்லை. பவள உயிரிகள் கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்ட கூடு. உயிரி செத்த பிறகும் கூடு நிற்கும். அதன் மேல் அடுத்த தலைமுறை கட்டும். இப்படிச் சேர்ந்த பாறையிலிருந்து புயலிலோ அலையிலோ உடைந்து விழுந்த துண்டுதான் லைவ் ராக். நம் கரையில் இதை முருகைக்கல் என்பார்கள். தனுஷ்கோடி போனவர்கள் 1964 புயலில் சிதைந்த அந்தத் தேவாலயத்தின் சுவரை ஒரு தடவை கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி இருக்கும். ஒவ்வொரு குழியிலும் ஒரு காலத்தில் ஓர் உயிர் இருந்தது.

சுவரில் இருப்பது காய்ந்த கல். கடலுக்கு அடியில் கிடக்கும்போது அதே துண்டு ஒரு தெருவே குடியிருக்கும் இடம். மேலே இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சுண்ணாம்புப் பாசி பூசினாற்போல் படிந்திருக்கும். இடுக்குகளில் கடற்பஞ்சு. பொந்துக்குள்ளிருந்து விசிறியை விரித்து இரை பிடிக்கும் குழாய்ப்புழு, நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டி வைத்திருப்பவர்கள் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சுக்கு முன்னால் சிவப்புத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பகலில் ஒன்றுமே தெரியாத கல்லில் மணல் பருமனுள்ள பூச்சிகள் மொய்க்கும், கம்பளிப்புழு மாதிரி ஒன்று நெளிந்து வரும், எங்கிருந்தோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது கல்லோடு ஒளிந்து வந்த மான்டிஸ் இறால் ஒரு நத்தையை உடைக்கிற சத்தம். வாங்கியவருக்கே தெரியாமல் வீட்டுக்கு வந்த விருந்தாளி.

அழகு ஒரு பக்கம். அந்தக் கல் செய்கிற வேலை இன்னொரு பக்கம். மீன் கழிக்கும் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அம்மோனியா மீனுக்கு விஷம். கல்லின் மேற்பரப்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும், வேறு சில அதை நைட்ரேட்டாக்கும். கல்லின் உள்துளைகளில் காற்று போகாத ஆழத்தில் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டையும் பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியே அனுப்பிவிடும். வீட்டுக்கு செப்டிக் டேங்க் எப்படியோ தொட்டிக்கு அந்தக் கல் அப்படி. வெளியே தெரியாது. அந்த வேலை நடக்காவிட்டால் தொட்டி தாங்காது.

இதைக் கண்டுகொண்டது பெரிய ஆய்வுக்கூடம் இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்று ஒருவர் இருந்தார். கடல் தொட்டி என்றால் எல்லாவற்றையும் வெளுத்துச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று பவள எலும்பை அடுக்கி, பாசி படிந்தால் எடுத்து பிளீச்சிங் போட்டுக் கழுவி மறுபடி வைப்பார்கள். லீ சின் எங் கடலிலிருந்து எடுத்த கல்லை அதில் குடியிருந்த உயிர்களோடேயே தொட்டியில் வைத்தார். கூட ஒரு காற்றுக்குமிழிக் குழாய். அவ்வளவுதான். 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். பின்னால் ஜெர்மனியில் பெர்லின் நகரத்து மீன் ஆர்வலர்கள் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க ஹாலில் பவளம் வளர்ப்பவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

ஆக, தம்பியின் ஆசை வெறும் பகட்டு இல்லை, சகோதரி. அவர் ரசிப்பது உண்மையாகவே ரசிக்கத் தகுந்த ஒன்று.

இனி முதல் கேள்வி. நாலு கல் எடுத்தால் என்ன?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன. யானையும் புலியும் இருக்கிற அதே அட்டவணை. மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். செத்த பவளம், கரையில் ஒதுங்கியது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. கடல் அட்டை பிடிப்பவர்கள் மீது வழக்குப் பாய்வது நம் கரையோரக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே சட்டம்தான் இதற்கும். லீவில் வந்த பிள்ளை பாஸ்போர்ட்டோடு வழக்கில் மாட்டிக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் நிலைமை என்ன? 'தெரிந்த ஆள்' அப்போது வந்து நிற்பாரா?

ஆனால் போலீஸ் பயத்துக்காக மட்டும் வேண்டாம் என்று சொன்னால் அது அரைகுறைப் பதில்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரைக்கும் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அந்த 21-ல் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. மூழ்கிவிட்டன. காரணங்களில் முக்கியமானது, பல காலம் அங்கே பவளப்பாறையைப் பெயர்த்து எடுத்தது. வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவருவார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது ஒரு பங்கு, கார்பைடு, சிமென்ட் ஆலைகளுக்குப் போனது ஒரு பங்கு, வீடு கட்டப் போனது ஒரு பங்கு. அன்றைக்கு அது பிழைப்பு. பெயர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஒவ்வொருவரும் எடுத்ததும் நாலு கல்தான் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பாறை போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. தூத்துக்குடி பக்கத்து வான் தீவு கரைந்து கரைந்து பெரும்பகுதியை இழந்தது. அதைக் காப்பாற்ற அரசும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, துளை வைத்த கான்கிரீட் கட்டைகளை வார்த்துக் கடலுக்குள் இறக்கினார்கள். பெயர்த்து எடுத்ததற்குப் பதிலாகக் கான்கிரீட்டைக் கொண்டுபோய்ப் போட வேண்டிய நிலை வந்துவிட்டது.

இதில் நமக்கென்ன என்று ஒரு வாசகர் கேட்கலாம். நம் பக்கம் பாக் விரிகுடா. பவளத்தை விடக் கடற்புல்தான் அதிகம். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் ஆவுளியா என்கிற கடற்பசுவுக்கான காப்பகமாக அரசு அறிவித்திருக்கிறது. இருந்தாலும் மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது. களவா, விளமீன், கிளிமீன் எல்லாம் பாறையை நம்பி வாழ்கிற மீன்கள். பாறை இடுக்கில்தான் அவற்றுக்கு ஒதுங்க இடம், இரை. அறந்தாங்கி மார்க்கெட்டில் விளமீன் விலை கேட்டுவிட்டு மத்தியைப் பார்த்து நகர்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு, பாறை குறைவதன் கணக்கு கைப்பையிலேயே தெரியும்.

இதற்கு நடுவில் வெயில் வேறு. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் உடம்புக்குள் வைத்திருக்கும் நுண்பாசியைத் துப்பிவிடும். நிறம் போய் வெளுக்கும். பாசிதான் அதற்குச் சோறு போடுவது. சூடு சீக்கிரம் தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. இப்படி அடிபட்டு எழுந்திருக்க முயல்கிற பாறையிலிருந்தா நாம் ஹாலுக்கு அலங்காரம் எடுப்பது?

(இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாலிக்கொடியில் பவளம் கோத்திருக்கும் வீடுகள் கலங்க வேண்டாம். நகைக்கடைச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் பக்கம் ஆழத்தில் வளரும் வேறு இனம். பாறை கட்டும் பவளம் இல்லை.)

வெளிநாட்டிலும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் லைவ் ராக் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. முதலில் மாநிலம் தன் கடலில் தடை போட்டது. 1997 முதல் அதற்கு வெளியே மத்திய அரசின் கடற்பகுதியிலும் தடை. வியாபாரிகள் என்ன செய்தார்கள்? கரையில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லை வாங்கி, குத்தகைக்கு எடுத்த கடற்தரையில் கொட்டி, சில வருடம் காத்திருந்து, உயிர் பிடித்ததும் எடுத்து விற்றார்கள். பாறையும் பிழைத்தது, பிழைப்பும் போகவில்லை.

அந்தச் செய்தியில்தான், சகோதரி, உங்கள் தம்பிக்கான பதில் இருக்கிறது. கல்லை வாங்குகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் காசு கொடுப்பது அதில் குடியேறிய உயிர்களுக்கு, அவை குடியேற எடுத்துக்கொண்ட காலத்துக்கு. கல் எதுவாக இருந்தாலும், துளை துளையாக இருந்து உப்புத்தண்ணீரில் கிடந்தால் பாக்டீரியா தானாக வந்து சேரும். வான் தீவில் கான்கிரீட்டுக்கு உயிர் வருகிறது என்றால் உங்கள் ஹாலில் வராதா?

செய்முறை ரொம்பச் சாதாரணம். சிமென்ட் ஒரு பங்கு, சுண்ணாம்புக்கு விற்கிற கிளிஞ்சலை நொறுக்கி இரண்டு பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்துக் கெட்டியாகப் பிசைய வேண்டும். கையுறை கட்டாயம், சிமென்ட் தோலை அரிக்கும். ஈரமணலில் குழி பறித்துக் கோணல்மாணலாக வார்த்துவிடுங்கள். கோணலாக இருந்தால்தான் மீனுக்குப் பொந்து கிடைக்கும். சில நாளில் இறுகியதும் எடுத்து நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். உப்பு கரைந்து ஓடும், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு மாதமாவது ஊற வேண்டும், ஏனென்றால் புது சிமென்டின் காரம் மீனைக் கொன்றுவிடும். காரம் அடங்கிவிட்டதா என்று பி.எச். டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது புரட்டாசி. இந்த மாதம் வார்த்தால் ஐப்பசி மழையில் முற்றத்து அண்டாவில் கல் ஊறும். நம் பக்கத்து போர் தண்ணீர் இருக்கிற லட்சணத்துக்கு மழைத்தண்ணீரை விட நல்லது கிடைக்காது. கார்த்திகையில் தொட்டியில் உப்புத்தண்ணீர் நிரப்பலாம். மீமிசல் கடல்தண்ணீரைக் குடத்தில் கொண்டுவரும் யோசனை வேண்டாம். கரையோரம் கலங்கல், மழைக்காலத்தில் உப்பும் குறைந்திருக்கும். கடையில் விற்கும் கடல் உப்புக் கலவைதான் சரி. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைக் கொஞ்சம் ஊற்றி, ஒரு சிட்டிகை மீன்தீனி தூவி, மோட்டாரை ஓடவிட்டால் போதும். அம்மோனியா ஏறும், இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறும், இறங்கும். இரண்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம், சில வீடுகளில் அதற்கு மேலும் ஆகும். நடுவில் கல் பழுப்பாகும், பச்சையாகும், பார்க்கச் சகிக்காது. அதுவும் ஒரு கட்டம். பொறுக்க வேண்டும்.

பொங்கலுக்குத் தம்பி வரும்போது கல் தயாராக இருக்கும். அந்த இளஞ்சிவப்புப் பூச்சு மட்டும் இருக்காது. ஏற்கனவே தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து பாசி படிந்த சின்னச் சில்லு வாங்கிப் போட்டால், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவும். கடலிலிருந்து பெயர்த்த கல் என்றாலும் மீன் விடக் காத்திருக்கத்தான் வேண்டும் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள். லாரியில் வரும் வழியிலேயே பாதி உயிர் செத்து நாறும். அதை அடக்கவே வாரக்கணக்கில் தனித் தொட்டியில் வைத்திருக்க வேண்டும்.

ஆபத்தும் உண்டு. அப்படிப்பட்ட கற்களில் ஒட்டிவரும் பொத்தான் பூ போன்ற ஒருவகைக் கடல் உயிரியில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வேண்டாததை ஒழிக்க நம் வீட்டில் என்ன செய்வோம்? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவோம். அப்படி ஊற்றி, அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் கேட்டுவிடுகிறேன். லீவு முடிந்து தம்பி விமானம் ஏறிவிடுவார். தொட்டியை யார் பார்ப்பது? தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் தினமும் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். 26 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டிய தண்ணீர், நம் சித்திரை வெயிலில் ஹாலுக்குள் எவ்வளவு போகும்? சில்லர் வேண்டும், அதற்குக் கரண்ட் பில் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் எழுந்து வந்து பார்ப்பது அக்காவா, வயதான அம்மாவா? அக்கா, தம்பி இரண்டு பேரும் வாட்ஸ்அப் காலில் உட்கார்ந்து இதைப் பேசி முடிவு செய்யுங்கள். முடியாது என்று தோன்றினால் நல்ல தண்ணீர்த் தொட்டி வையுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

முடியும் என்று முடிவானால் மீனையும் கடலிலிருந்து பிடித்ததாக வாங்க வேண்டாம். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. 1947-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல வருடங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. தொட்டியில் பிறந்த மீன் தொட்டிக்குப் பழகியிருக்கும், சாப்பிடும், நீண்ட நாள் இருக்கும். கடைக்காரரிடம் எங்கே பொரித்தது என்று கேளுங்கள். பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

தம்பி வந்ததும் எல்லோருமாக ஒருநாள் மண்டபம் போய் அந்த நிறுவனத்தின் மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வழியில் தொண்டி தாண்டிக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப் போவார்கள். பிள்ளைகளுக்குத் தொட்டிக்கு முன்னால் கடல் அறிமுகமாகட்டும்.

வீட்டில் கல் வார்த்துப் பார்க்கும் மற்ற வாசகர்களும் எனக்கு எழுதுங்கள். எந்த அளவில் கலந்தீர்கள், எத்தனை நாள் ஊறியது, எங்கே சொதப்பியது, முதல் பாசி எப்போது தெரிந்தது என்று விவரமாக எழுதினால் தை இதழில் உங்கள் படத்தோடு போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்